பிழைக்கப் போகிற பிள்ளைக்குக் கால் பலம் வேண்டும்

இரத்தப் புற்றுநோய்க்காக ஆஸ்பத்திரியில் தங்கியிருக்கும் குழந்தைகளுக்குத் தேகப்பயிற்சி: பெற்றோர்களுக்கு ஒரு பாடம்

பெற்றோர்களே!

உங்கள் குழந்தைக்கு இரத்தப் புற்றுநோய் என்று டாக்டர் சொன்ன நாளில் உங்களுக்குக் கையும் ஓடியிருக்காது, காலும் ஓடியிருக்காது. இப்போது சிகிச்சை ஆரம்பித்துவிட்டது. ஊசி, மருந்து, இரத்தம் ஏற்றுதல் எல்லாம் டாக்டரும் நர்ஸும் பார்த்துக் கொள்கிறார்கள். ஆனால் ஒரு காரியம் உங்கள் கையில்தான் இருக்கிறது. குழந்தையின் கைகால்களைத் தினமும் அசைய வைப்பதே அது. அதைப் பற்றித்தான் இந்தப் பிரசுரம்.

முதலில் கோவளத்துக்குப் பக்கத்துக் குப்பம் ஒன்றில் நடக்கும் பேச்சைக் கேளுங்கள். ஆறு வயதுப் பையன். பட்டணத்து ஆஸ்பத்திரியில் ஒன்றரை மாதம் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்திருக்கிறான். கிராம சுகாதாரச் செவிலியர் பார்க்க வருகிறார்.

“வாங்க நர்ஸம்மா. வியாதி அடங்கிடுச்சுன்னு டாக்டரு சொன்னாரு. ஆனா புள்ள நடந்தா தடுக்கித் தடுக்கி விழறான். கால் ‘தப் தப்’புன்னு அடிக்குது.”

“ஆஸ்பத்திரியில இருந்தப்போ நடக்க விட்டியாம்மா?”

“எங்க விட்டேன்! ரத்தம் இல்லாத புள்ளைய ஆட்டி வைக்காதேன்னு எங்க மாமியா சொல்லிட்டாங்க. ஒண்ணுக்குப் போகக்கூட நான்தான் தூக்கிக்கினு போனேன்.”

“பயிற்சி சொல்லிக் குடுக்க யாரும் வரலியா?”

“ஒரு அம்மா வந்தாங்க. இவன் அழுதான். நாளைக்குப் பாத்துக்கலாம்னு அனுப்பிட்டேன். மறுநாளும் அதேதான்.”

“பாசத்துலதான் செஞ்சே. உன்மேல தப்பு சொல்ல மாட்டேன். ஆனா படுக்கையிலேயே இருந்தா காலு மறந்து போயிடும்மா. இப்பவும் ஒண்ணும் கெட்டுப் போகல. உக்காரு, சொல்றேன்.”

செவிலியர் சொன்னதையே கீழே விவரமாகத் தருகிறோம்.

இரத்தப் புற்றுநோய் என்பது என்ன?

நம் எலும்புகளுக்குள் இருக்கும் மஜ்ஜையில்தான் இரத்த அணுக்கள் உற்பத்தியாகின்றன. அங்கே கெட்ட வெள்ளை அணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகி, நல்ல அணுக்களுக்கு இடமில்லாமல் செய்வதே இரத்தப் புற்றுநோய். சிவப்பணு குறைவதால் குழந்தை வெளுத்துச் சோர்ந்து போகிறது. தட்டணு குறைவதால் சிறு அடிக்கும் இரத்தம் கசிகிறது. நல்ல வெள்ளை அணு குறைவதால் காய்ச்சல் வருகிறது. இது தொற்று வியாதி அல்ல. சாபமும் அல்ல. குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்களில் இதுவே அதிகம். இரண்டு முதல் ஐந்து வயதுக்குள் வருவது மிகுதி.

இந்த வியாதி வந்தால் பிழைக்க முடியுமா?

முடியும். 1940-களில் இந்த வியாதி கண்ட குழந்தை சில மாதங்களுக்கு மேல் இருக்காது. 1947-ல் அமெரிக்காவில் சிட்னி பார்பர் என்ற டாக்டர் ஒரு புது மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். அந்த மருந்து உருவான ஆராய்ச்சிக் கூடத்தை நடத்தியவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகடா சுப்பாராவ். அன்று முதல்தான் வியாதி பின்வாங்கத் தொடங்கியது. சென்னை அடையாறில் 1954-ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் முயற்சியால் தொடங்கிய புற்றுநோய் ஆஸ்பத்திரியில், 1960-ல் குழந்தைகளுக்கென்றே தனிப் பிரிவு ஏற்பட்டது. டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் டாக்டர் சாந்தாவும் அதை வளர்த்தார்கள். பிறகு அடையாறு, மும்பை டாட்டா, டெல்லி எய்ம்ஸ் ஆகிய மூன்று இடங்களிலும் எம்.சி.பி. 841 என்ற ஒரே சிகிச்சை முறையைக் கையாண்டு, முன்னைவிட அதிகமான குழந்தைகளைக் காப்பாற்றினார்கள். வசதி மிகுந்த நாடுகளில் இன்று நூற்றுக்குத் தொண்ணூறு குழந்தைகள் பிழைக்கிறார்கள்.

ஆகவே, “இருக்கிற வரைக்கும் நோகாமல் இருக்கட்டும்” என்று எண்ணிக் குழந்தையைப் படுக்கையில் வைக்காதீர்கள். அது பிழைத்து, பள்ளிக்கூடம் போய், வேலை செய்து வாழப் போகிற குழந்தை. அதற்குக் கால் வேண்டும்.

கால் ஏன் தளர்கிறது?

நான்கு காரணங்கள் உண்டு.

1. வின்கிறிஸ்டின் ஊசி. இது உயிர் காக்கும் மருந்து. நம் கடற்கரை மணலிலும் கோயில் நந்தவனத்திலும் பூக்கும் நித்தியகல்யாணிச் செடியிலிருந்துதான் இதைப் பிரித்தெடுத்தார்கள். 1963 முதல் இது உலகெங்கும் பயன்படுகிறது. இந்த மருந்து நரம்பைக் கொஞ்சம் பாதிக்கும். பாதத்தை மேலே தூக்கும் தசை வலு இழந்து, நுனிக்கால் தொங்கும். அதனால்தான் தடுக்குகிறது, ‘தப் தப்’ என்று அடிக்கிறது. விரல்கள் மரத்துப் போகலாம். தாடை வலிக்கலாம். மலச்சிக்கலும் வரும். இதற்குப் பயந்து ஊசியை நிறுத்தவே கூடாது. மருந்து முடிந்த பிறகு நரம்பு பெரும்பாலும் மெதுவாகத் தேறிவிடும். அது தேறும் வரை கால் விறைத்துப் போகாமல் பார்த்துக் கொள்வது நம் வேலை.

(எச்சரிக்கை: நித்தியகல்யாணி இலையையோ பூவையோ வேரையோ வீட்டில் அரைத்துக் கொடுக்காதீர்கள். அது விஷம். மருந்தாகச் சுத்தப்படுத்தி அளந்து கொடுப்பது வேறு, கஷாயம் வைப்பது வேறு.)

2. ஸ்டீராய்டு மாத்திரை. பசி எடுக்கும், முகம் உப்பும். ஆனால் தொடைத் தசை மெலியும். குழந்தை தரையிலிருந்து எழும்போது தொடையில் கை ஊன்றி எழுந்தால், படியேறத் தயங்கினால், இதுவே காரணம். எலும்பும் பலம் குறையும்.

3. இரத்தச் சோகை. கொஞ்சம் நடந்தாலே மூச்சு வாங்கும்.

4. படுக்கை. மேலே சொன்ன மூன்றும் மருந்தாலும் வியாதியாலும் வருவது. நான்காவது மட்டும் நாமே கொடுப்பது. படுத்தே கிடந்தால் நல்ல குழந்தைக்கும் தசை கரையும், கெண்டைக்கால் தசை சுருங்கும்.

பயிற்சியால் பலன் உண்டா?

உண்டு. 2004-ல் அமெரிக்காவில் இந்த வியாதியுள்ள 28 குழந்தைகளை இரு பிரிவாகப் பிரித்துப் பார்த்தார்கள். ஒரு பிரிவுக்கு வாரம் ஐந்து நாள் கணுக்காலை நீட்டும் பயிற்சி, மூன்று நாள் கால் பலத்துக்கான பயிற்சி, தினமும் நடை அல்லது விளையாட்டு. நான்கு மாதம் கழித்து அந்தக் குழந்தைகளுக்குப் பாதம் நன்றாக மேலே தூக்க வந்தது, முழங்கால் பலமும் கூடியது. 2009-ல் நெதர்லாந்தில் 51 குழந்தைகளிடம் செய்து பார்த்தபோது அவ்வளவு பலன் தெரியவில்லை. வீட்டில் தினமும் செய்யச் சொன்னதைப் பலர் ஒழுங்காகத் தொடரவில்லை என்பது அதற்கு ஒரு காரணமாகக் கூறப்பட்டது. இரண்டிலிருந்தும் நாம் கற்பது ஒன்றுதான்: பயிற்சி என்றாவது ஒருநாள் செய்வது அல்ல, தினமும் சாப்பிடுவது போல.

முதலில் இரத்தச் சீட்டைப் பாருங்கள்

தினமும் காலையில் டாக்டரிடமோ நர்ஸிடமோ கேளுங்கள்: “இன்னைக்குப் புள்ளைக்குத் தட்டணு எவ்வளவு? ஹீமோகுளோபின் எவ்வளவு? பயிற்சி செய்யலாமா?” இப்படிக் கேட்பதில் கூச்சம் வேண்டாம். பொதுவாகக் கையாளும் அளவு இது. உங்கள் டாக்டர் வேறு சொன்னால் அவர் சொல்லே முடிவு.

தட்டணு 50,000-க்கு மேல்: கீழே சொல்லும் எல்லாப் பயிற்சிகளும் செய்யலாம்.

தட்டணு 20,000 முதல் 50,000 வரை: நடை, உட்கார்ந்து எழுதல், மெல்லிய பந்து விளையாட்டு செய்யலாம். இழுப்பது, குதிப்பது, முட்டி மோதுவது கூடாது.

தட்டணு 20,000-க்குக் கீழே: டாக்டர் அனுமதித்தால் படுக்கையில் மெதுவாகக் கைகால் அசைப்பது, துணைக்கு ஆள் இருக்கக் கழிவறை வரை நடப்பது மட்டும். 10,000-க்குக் கீழே போனால் டாக்டர் சொன்னாலொழிய ஒன்றும் வேண்டாம்.

ஹீமோகுளோபின் 8-க்குக் கீழே: மெதுவான பயிற்சி மட்டும். இரத்தம் ஏற்றிய பிறகு மற்றவை.

காய்ச்சல் 100.4 டிகிரிக்கு மேல், விடாத வாந்தி, இரத்தக் கசிவு: அன்று பயிற்சி வேண்டாம்.

முதுகில் ஊசி போட்ட நாள்: சொன்ன நேரம் வரை படுத்திருக்க வேண்டும்.

படுக்கையில் செய்வது

1. பாதம் தூக்குதல். காலை நீட்டிப் படுத்து, நுனிக்காலை முகத்தைப் பார்க்கத் தூக்கி, பிறகு கீழே தள்ள வேண்டும். ஒவ்வொரு காலுக்கும் 10 தடவை. காலை, மாலை, இரவு மூன்று வேளை.

2. துண்டு போட்டு இழுத்தல். முழங்கால் மடங்காமல் இருக்க, பாதத்தின் முன்பகுதியில் துண்டைச் சுற்றி, இரு நுனியையும் குழந்தையே தன் பக்கம் மெதுவாக இழுக்க வேண்டும். கெண்டைக்காலில் இழுப்பு தெரியும், வலிக்கக் கூடாது. 20 எண்ணும் வரை பிடித்து விடவும். ஒவ்வொரு காலுக்கும் 3 தடவை. சின்னக் குழந்தைக்குத் தாயின் உள்ளங்கையே போதும். இந்தப் பிரசுரத்தில் ஒரே ஒரு பயிற்சிதான் நினைவில் நிற்கும் என்றால் இதை நினைவில் வையுங்கள்.

3. முழங்கால் அமுக்குதல். முழங்காலுக்குக் கீழே மடித்த துணி வைத்து, அதை நசுக்குவது போல் அமுக்கி 5 எண்ண வேண்டும். 10 தடவை.

4. மூச்சுப் பயிற்சி. மூக்கால் இழுத்து வாயால் மெதுவாக ஊதுவது. காகிதக் காத்தாடி செய்து கொடுத்தால் தானே ஊதும். மூச்சைப் பிடித்து முக்கக் கூடாது.

5. விரல் பயிற்சி. ஐந்து வயதுக்கு மேற்பட்ட குழந்தைக்குப் பல்லாங்குழி நல்லது. சோழியைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துக் கொடுக்கவும். சிறு குழந்தை விழுங்கிவிடும், கொடுக்காதீர்கள்.

கட்டிலை விட்டு இறங்கிச் செய்வது

‘பயிற்சி’ என்றால் குழந்தை அழும். ‘மாமல்லபுரம் போவோம், வா’ என்றால் சிரிக்கும். நம் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தெரிந்ததையே விளையாட்டாக்குங்கள்.

வெண்ணெய் உருண்டை தள்ளுதல்: மலைச் சரிவில் நிற்கும் அந்தப் பெரிய பாறையை எல்லோரும் தள்ளுவது போல நிற்பார்கள் அல்லவா? அதேபோல் சுவரில் இரு கையும் வைத்து, ஒரு கால் முன்னும் ஒரு கால் பின்னுமாக நின்று தள்ள வேண்டும். பின்காலின் குதிகால் தரையில் பதிந்திருக்கட்டும். கையும் கெண்டைக்காலும் ஒருசேர வேலை செய்யும். 20 எண்ணவும்.

தபசுப் பூனை: அர்ச்சுனன் தபசுப் பாறையில் முனிவர் கையைத் தூக்கி ஒற்றைக் காலில் நிற்கிறார். கீழே பூனையும் தபசு செய்கிறது. குழந்தை பூனையாக நிற்கட்டும். முதலில் இரு காலில், பிறகு உங்கள் கையைப் பிடித்து ஒற்றைக் காலில். விழாமல் நிற்கும் சக்தி வரும். பக்கத்தில் ஆள் இல்லாமல் செய்யக் கூடாது.

துடுப்புப் போடுதல்: ஸ்டூலில் உட்கார்ந்து, இரு கையாலும் துடுப்புப் பிடித்தது போல் இடமும் வலமும் திரும்புதல். 10 தடவை. கையில் ஊசிக் குழாய் இருந்தால் அந்தக் கையை விட்டுவிடவும்.

வலை இழுத்தல்: ஒரு புடவை நுனியை நீங்கள் பிடிக்க, மறுநுனியைக் குழந்தை மெதுவாக இழுக்க வேண்டும். தட்டணு 50,000-க்கு மேல் இருந்தால் மட்டும்.

உட்கார்ந்து எழுதல்: ஸ்டூலிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து நின்று, மெதுவாக உட்காருதல். 5 தடவையில் ஆரம்பித்து 10 வரை.

வராந்தா நடை: ஒரு தடவையில் அரை மணி நேரம் நடக்க வைப்பதைவிட, பத்துப் பத்து நிமிஷமாக மூன்று வேளை நடப்பது நல்லது. வெள்ளை அணு குறைந்திருந்தால் முகமூடி போட்டு, கூட்டமில்லாத நேரத்தில் நடக்கவும். தினமும் நடந்தால் மலச்சிக்கலும் குறையும்.

சாப்பிட்ட உடனே செய்ய வேண்டாம். வாந்தி மருந்து வேலை செய்யும் நேரம் பார்த்துச் செய்யுங்கள். முன்னும் பின்னும் உங்கள் கையையும் குழந்தையின் கையையும் சோப்பால் கழுவுங்கள்.

அளவு தெரிவது எப்படி?

அசையும்போது குழந்தை ஒரு முழு வாக்கியம் பேச முடிந்தால் அளவு சரி. பேச முடியாமல் மூச்சு வாங்கினால் குறையுங்கள். தலைசுற்றல், மார்பு படபடப்பு, மூக்கில் இரத்தம், தோலில் புதிதாகச் சிவப்புப் புள்ளி, கடும் தலைவலி இவற்றில் எது வந்தாலும் உடனே நிறுத்தி நர்ஸைக் கூப்பிடுங்கள். இடுப்பு, தொடை, முழங்கால் வலித்துக் குழந்தை நொண்டினால், “பழகிப் போகும்” என்று நடக்க வைக்காதீர்கள். ஸ்டீராய்டினால் எலும்புக்கு இரத்த ஓட்டம் குறைந்து வரும் வலியாக இருக்கலாம். படம் எடுத்துப் பார்க்க வேண்டும்.

வீட்டிலேயே ஒரு சோதனை

வாரம் ஒரு முறை குழந்தையைக் குதிகாலால் பத்தடி நடக்கச் சொல்லுங்கள். நுனிக்கால் தரையில் படாமல் நடந்தால் நல்லது. முடியாவிட்டால் அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது கட்டாயம் சொல்லுங்கள். தேவைப்பட்டால் பாதத்தைத் தாங்கும் பட்டை கொடுப்பார்கள். அதுவரை ரப்பர் செருப்பு வேண்டாம், தடுக்கும். பின்னால் வார் உள்ள செருப்போ கான்வாஸ் ஷூவோ போடவும்.

வீடு திரும்பிய பின்

இந்தச் சிகிச்சை இரண்டு முதல் மூன்று வருஷம் நடக்கும். வியாதி அடங்கியது போல் தெரிந்தாலும் மருந்தை நடுவில் நிறுத்தினால் திரும்ப வரும். பயிற்சியும் அதே போலத்தான்.

கடற்கரையில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மணலில் நடப்பது காலுக்கு நல்லதுதான். ஆனால் பாதம் தொங்கும் குழந்தை மணலில் தடுக்கி விழும். கிளிஞ்சல் கிழித்தால் சீழ் பிடிக்கும். இரத்த அணுக்கள் சரியாகி டாக்டர் சொல்லும் வரை மணல் நடையும் கடல் குளியலும் வேண்டாம். சிமெண்டுத் தரையே போதும்.

காய்ச்சல் வந்தால் பக்கத்தில் ஊசி போட்டுப் பார்ப்போம் என்று இருக்காதீர்கள். சதை ஊசி, ஆஸ்பிரின், எனிமா இந்தக் குழந்தைகளுக்குக் கூடாது. இரவானாலும் 108-ஐக் கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

எழும்பூர் அரசு குழந்தைகள் ஆஸ்பத்திரியில் இந்த வியாதிக்குச் சிகிச்சை உண்டு. வின்கிறிஸ்டின் போட்டுக் கொண்டு ஊருக்கு வந்த குழந்தைக்குப் பயிற்சி சொல்லித்தர, செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் விசாரியுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து பயிற்சி கொடுப்பதும் சேர்க்கப்பட்டது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தின் அட்டை இருந்தால் ஆஸ்பத்திரிக்குக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

மீண்டும் குப்பத்துக்கு வருவோம்

செவிலியர் பேசி முடித்ததும் வாசலில் உட்கார்ந்திருந்த பாட்டி கேட்டார்:

“ஏம்மா, அழுவுற புள்ளைய எப்படிம்மா செய்ய வெக்கிறது?”

“நீங்க எண்ணுங்க பாட்டி. அவன் காலைத் தூக்கட்டும். இருபது வரைக்கும் நீங்க எண்ணணும். தப்பா எண்ணினா அவன் ஜெயிச்சான்.”

பாட்டி பதினான்குக்கு அப்புறம் பதினாறு என்றார். பையன் சிரித்துக் கொண்டே, “தப்பு, தப்பு” என்றான். ஆனால் துண்டை விடவில்லை.

நினைவில் கொள்ளுங்கள்

தினமும் இரத்த எண்ணிக்கையைக் கேளுங்கள்.
தினமும் மூன்று வேளை கொஞ்சம் கொஞ்சமாக அசைய விடுங்கள்.
பயிற்சி கூடாத நாள் தவிர, துண்டு போட்டு இழுக்கும் பயிற்சியை ஒருநாளும் விடாதீர்கள்.
நடக்க முடிந்த குழந்தையைத் தூக்கிக் கொண்டு போகாதீர்கள்; கை கொடுங்கள்.
ஊசியையும் மருந்தையும் நடுவில் நிறுத்தாதீர்கள்.

சந்தேகம் இருந்தால் உங்கள் கிராம சுகாதாரச் செவிலியரையோ அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தையோ கேளுங்கள். படித்த பிறகு இந்தத் தாளைப் பக்கத்துக் கட்டில் தாயிடம் கொடுங்கள்.